கழுத்து நிற்காத பிள்ளை: தாய் தந்தை இருவருக்கும் ஒரு பாடம்



இந்தப் பாடத்தைத் தயவுசெய்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாய்விட்டுப் படித்துச் சொல்லலாம். பிள்ளை வளர்ப்பு பற்றிய பிரசுரம் என்றாலே "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று மடித்துப் பரணில் சொருகிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்தப் பாடம் அப்படிச் சொருகக்கூடியது அல்ல. இதில் சொல்லப்படும் வேலைகளில் பாதி தகப்பனுக்கு உரியவை.

எல்லாக் குழந்தையும் ஒரே நாளில் தவழ்ந்து ஒரே நாளில் நடப்பதில்லை. ஆனாலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நாலு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் குப்புற விழுந்து புரள வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் பிடிப்பில்லாமல் உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நாலடியாவது தானே நடக்க வேண்டும். அந்த வயதுக்குள் அம்மா, அத்தை என்று ஒன்றிரண்டு வார்த்தையும், இரண்டு வயது முடிவதற்குள் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு வார்த்தை சேர்த்தும் பேச வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு ஆறாம் மாதத்தில் கழுத்து நின்றால் அது தாமதமே இல்லை.

கணக்கு தவறும்போது வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நமக்குத் தெரியும். "அவங்கப்பனும் இப்படித்தான், ரெண்டு வயசுலதான் நடந்தான்." "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்." ஆறுதலுக்குச் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் அந்த ஆறுதலை நம்பி ஒரு வருஷம் கழித்துவிடுகிறோம் பாருங்கள், அதுதான் நஷ்டம். பிறந்ததிலிருந்து மூன்று வயது வரைதான் மூளை வெகு வேகமாக வளரும் காலம். ஒரு பக்கத்தில் அடிபட்டிருந்தாலும் இன்னொரு பக்கம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளக்கூடிய காலமும் அதுவே. ஆறு மாதத்தில் ஆரம்பித்த பயிற்சிக்கும் நாலு வயதில் ஆரம்பித்த பயிற்சிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

கணக்கு தவறுவதோடு வேறு சில அடையாளங்களும் இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நாலு மாதம் கடந்தும் கை எப்போதும் முஷ்டி பிடித்தபடி இருப்பது, துணி மாற்றும்போது இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்வது, உடம்பு கட்டை போல விறைப்பது, அல்லது துணிப் பொம்மை போலத் தொய்வது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, சத்தத்துக்குத் திரும்பாதது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒன்றை மறந்துபோவது.

தாமதம் எல்லாம் ஒரே வியாதி அல்ல. தைராய்டு சுரப்பு குறைவாகப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துத் தினம் ஒரு மாத்திரை கொடுத்தால் புத்தி வளர்ச்சி கெடாமல் காப்பாற்றிவிடலாம். காது கேளாத குழந்தை பேசாமல் இருக்கும். காதுக்குக் கருவி வைத்தால் பேச்சு வரும். பால், முட்டை, மீன் எதுவும் சேர்க்காத தாயிடம் பால் மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு பி12 சத்து குறைந்தும் வளர்ச்சி நின்றுபோவது உண்டு. அதற்கும் மருந்து இருக்கிறது. அதனால்தான் "என்னன்னு பாத்துடுவோம்" என்று முதலில் டாக்டரிடம் போகச் சொல்கிறோம். இந்தப் பாடத்தில் நாம் விரிவாகப் பார்க்கப்போவது மூளை முடக்குவாதம் என்ற ஒன்றை.

மூளை முடக்குவாதம் என்பது என்ன?

குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஒரு பகுதி பாதிக்கப்படுகிறது. கை காலை ஆட்டி வைக்கும் பகுதி அது. கை காலில் கோளாறு இல்லை. அதற்கு உத்தரவு போடும் இடத்தில்தான் கோளாறு. குறைமாதப் பிரசவம், எடை மிகவும் குறைந்து பிறப்பது, பிறந்ததும் மூச்சுத் திணறி அழாமல் இருப்பது, மூளையைத் தொடும் அளவுக்கு ஏறிய மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவை தெரிந்த காரணங்கள். காரணமே தெரியாத குழந்தைகளும் நிறைய உண்டு. இது தொற்று வியாதி அல்ல. மூளையில் பட்ட அடி நாளுக்கு நாள் பெரிதாவதும் இல்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் விறைத்த தசை சுருங்கி, மூட்டு பிசகி, நாளாக நாளாக உடம்பு கோணிப்போகும். முதலாவதை மாற்ற இன்று வழியில்லை. இரண்டாவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

கை கால் விளங்காத பிள்ளை எல்லாம் புத்தியில்லாத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வாய் பேச வராமல், எச்சில் வடிந்துகொண்டு, கழுத்து ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை நாம் பேசுவதை எல்லாம் புரிந்துகொண்டு படுத்திருக்கலாம். அதன் காதுபட "இது எதுக்கு ஆகப்போவுது" என்று யாரும் பேசக் கூடாது.

ஒரு வீட்டில் நடந்த பேச்சைக் கேளுங்கள். இது பல வீட்டில் நடப்பதுதான். பதினோரு மாதக் குழந்தை. கழுத்து நிற்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்திருக்கிறார்.

மாமியார்: எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாதும்மா. இவ வீட்டு வழியில வந்ததுதான். கிரகணத்தன்னிக்கு வெளிய வராதடின்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?

செவிலியர்: பெரியம்மா, கிரகணம் ஊருக்கே பொது. அன்னிக்கு வயித்துப் பிள்ளையோட இருந்தவங்க இந்த ஊர்லயே எத்தனை பேர்? அது கிடக்கட்டும், குழந்தை பிறந்தவுடனே அழுதுச்சா?

மருமகள்: இல்லக்கா. தட்டித் தட்டிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் முனகுச்சு. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க.

செவிலியர்: அப்ப மூளைக்குப் போக வேண்டிய மூச்சுக்காத்து கொறைஞ்சு போயிருக்கு. இதுல வம்சம் எங்க வந்துச்சு பெரியம்மா? தம்பி, நீங்க ஏன் ஒண்ணும் பேசாம நிக்கிறீங்க?

கணவன்: என்னத்த பேசுறதுக்கா. இவ அழுவுறா, அம்மா திட்டுது. நான் வேலைக்குப் போயிடுறேன்.

செவிலியர்: நீங்க போயிட்டா இவ தனியா நிக்கிறா. வியாழக்கிழமை நான் எழுதித் தர்ற இடத்துக்கு ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. ஒரு நாள் கூலி போவும். போனாப் போவட்டும்.

செவிலியர் கணவனைப் பார்த்துப் பேசிய அந்த இடத்தைக் கவனியுங்கள். நாங்கள் பார்த்த வரையில், தகப்பன் ஒரு முறை டாக்டர் முன்னால் உட்கார்ந்து தன் காதால் கேட்டுவிட்ட வீட்டில் பழி போடுவது பாதி அடங்கிவிடுகிறது. தாய் மட்டும் போய் வந்து சொன்னால் "இவளா ஒண்ணு சொல்றா" என்று போய்விடும். மாமியாரையும் ஒரு தடவை அழைத்துப் போனால் இன்னும் நல்லது. பேரன் பேத்தியை அதிக நேரம் மடியில் வைத்திருப்பது அவர்தானே.

வலிப்பு

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்குக் குறையாமல் வலிப்பும் சேர்ந்து வருகிறது. கை கால் வெட்டி இழுத்து, கண் சொருகி, வாயில் நுரை தள்ளும் வலிப்பை யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். வேறு ஒரு வகை இருக்கிறது. அதைத்தான் வீட்டில் தவறவிடுகிறோம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள், அதிலும் தூங்கி எழுந்தவுடன், குழந்தை திடீர் திடீரென்று தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரித்து மடக்கும். சலாம் போடுவது மாதிரி இருக்கும். ஒரு விநாடிதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து இருபது தடவை வரும். "பயந்துக்கிச்சு", "வயித்த வலிக்குது" என்று திருநீறு போட்டு விடுவார்கள். 1841-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெஸ்ட் என்ற டாக்டர் தன் சொந்த ஆண் குழந்தைக்கு இப்படி வருவதை நாள்தோறும் கவனித்து மருத்துவப் பத்திரிகைக்கு எழுதினார். அதற்குப் பிறகே இது தனி வியாதி என்று உலகுக்குத் தெரிந்தது. ஒரு தகப்பன் உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்த அறிவு அது. இந்த வகை வலிப்பு நீடித்தால் குழந்தை சிரிப்பையும் பார்வையையும் கூட மறந்துபோகும். ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையில் செல்போன் இருந்தால் வலிப்பு வரும்போது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் வாயால் விவரிப்பதைவிட அந்த அரை நிமிஷப் படம் டாக்டருக்கு உதவும்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். அடுப்பு, கல், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் விலக்குங்கள். மணி பாருங்கள். செய்யக் கூடாததுதான் அதிகம். இரும்புச் சாவி கையில் கொடுக்கக் கூடாது. கொடுத்து நின்றது என்பார்கள், அது தானாகவே நின்றிருக்கும். பல்லுக்கிடையில் கரண்டியோ விரலோ விடக் கூடாது. தண்ணீர், சோடா, வெங்காயச் சாறு எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும். இழுக்கும் கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும், ஒன்று நின்று தெளிவு வருமுன் இன்னொன்று வந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. நடப்பது என்ன? மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை. "சரியாப் போச்சே, எதுக்கு இன்னும் மருந்து?" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அறுவடை நேரம், ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் இல்லை, சிரப் பாட்டில் காலி. நாலு நாள் ஒன்றும் ஆகாது. ஐந்தாம் நாள் நிற்காத வலிப்பாக வரும். திடீரென்று மருந்தை நிறுத்தினால், மருந்தே ஆரம்பிக்காமல் இருந்ததைவிட மோசமான வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகும். வலிப்பு வராமல் இருப்பதற்குக் காரணம் அந்த மருந்துதான். எப்போது குறைக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும். பாட்டிலில் ஒரு வாரத்து மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வந்துவிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இம்மருந்துகள் இலவசம். இது தகப்பனின் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாமே! சிரப்பை வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள். ஒரு வீட்டு ஸ்பூன் போல் இன்னொரு வீட்டு ஸ்பூன் இருக்காது. பாட்டிலோடு வரும் அளவு மூடியிலோ, ஊசி இல்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

சோறூட்டுவது

வலிப்பைவிட அதிகம் பிள்ளைகளைப் பலவீனப்படுத்துவது இதுதான். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் குழந்தையைக் காலை நீட்டி அதன் மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, சங்கிலோ பாலாடையிலோ கஞ்சியை வாயில் ஊற்றி, விழுங்காவிட்டால் மூக்கைப் பிடிப்பது உண்டு. எந்தக் குழந்தைக்கும் இது நல்லதல்ல. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இது விஷம் போல. அதன் தொண்டைத் தசை நேரத்துக்கு மூடாது. ஊற்றியதில் ஒரு பங்கு வயிற்றுக்குப் பதில் நுரையீரலுக்குப் போகும். சாப்பிடும்போது இருமுவது, புரையேறுவது, சாப்பிட்ட பின் தொண்டையில் சளி கரகரப்பது, மாதம் ஒரு தடவை சளிக் காய்ச்சல் வருவது எல்லாம் இதற்கு அடையாளம். "இந்தப் புள்ளைக்கு சளி உடம்பு" என்று நாம் சொல்கிறோம். பல சமயம் சளி உடம்பு அல்ல அது. படுக்க வைத்து ஊட்டிய கஞ்சி.

சரியான முறை இது. தாய் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் மடக்கிக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தன்னைப் பார்த்தபடி, அதன் முதுகு தன் தொடையில் சாயும்படி வயிற்றின் மேல் உட்கார வையுங்கள். அதன் கால் இரண்டும் தாயின் இடுப்புக்கு இருபுறமும் விரிந்து இருக்கட்டும். இப்போது முகத்துக்கு முகம் நேராக இருக்கிறது. குழந்தையின் தலை பின்னால் சாயாமல், மோவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். நம்பாவிட்டால் நீங்களே அண்ணாந்து கொண்டு ஒரு வாய் தண்ணீரை விழுங்கிப் பாருங்கள். தலையைச் சற்றுக் குனிந்து இன்னொரு வாய் விழுங்கிப் பாருங்கள். எது சுலபம் என்று அப்போதே தெரியும்.

சின்ன ஸ்பூன் போதும். மேலிருந்து கொண்டுவராமல், நேர் முன்னாலிருந்து, வாய் மட்டத்தில் கொண்டுவாருங்கள். மேலிருந்து வந்தால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், உடம்பு விறைக்கும். ஸ்பூனை நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து எடுங்கள். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். தண்ணீராக இருக்கும் கஞ்சியைவிடக் கெட்டியாக மசித்த உணவைப் பல குழந்தைகள் சுலபமாக விழுங்கும். குழைய வேகவைத்த சாதமும் பருப்பும், கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு எல்லாம் ஏற்றவை. கொஞ்சமாகத்தான் சாப்பிடும் என்பதால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காதீர்கள். அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருங்கள்.

ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலு மணி நேரம்! இதையும் செய்து, மாட்டையும் பார்த்து, நூறு நாள் வேலைக்கும் போய், சமையலும் செய்ய ஒரே பெண்ணால் முடியாது. ராத்திரிச் சோறு அப்பா ஊட்டுவது என்று வைத்துக்கொண்ட வீடுகள் இருக்கின்றன. முதல் வாரம் மேலெல்லாம் சோறாக இருக்கும். பிறகு கை பழகிவிடும்.

இவ்வளவு செய்தும் எடை ஏறாவிட்டால் டாக்டர் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ ஒரு குழாய் வைக்கச் சொல்லலாம். பயப்பட வேண்டாம். தாய் ஊட்டத் தெரியாதவள் என்று அதற்கு அர்த்தம் அல்ல. மலச்சிக்கலும் இப்பிள்ளைகளுக்குச் சகஜம். நடமாட்டம் இல்லாததால் வருவது. தண்ணீர், கீரை, பழம் கூடக் கொடுங்கள். நாலு நாளானால் சோப்புத் துண்டு வைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

தூக்குவதும் விளையாடுவதும்

நம் தாய்மார்களுக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: பிள்ளையை இடுப்பில் தூக்கி வைப்பது. கத்தரிக்கோல் மாதிரி பின்னும் காலுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. கால் இரண்டும் அகன்று, முதுகு நிமிர்ந்து, தலை தூக்கி நாலு பேரைப் பார்க்கும். ஆகவே கைக்குழந்தை போல இரண்டு கையில் கிடத்தித் தூக்குவதை விட்டு இடுப்பில் வையுங்கள். ஒரே பக்கம் வைக்காமல் பக்கம் மாற்றுங்கள். தாயின் முதுகுவலியும் குறையும். தூளி தூங்குவதற்கு. நாள் முழுக்கத் தூளியிலேயே கிடந்தால் உடம்பு வளைந்தே பழகும்.

உட்கார வைக்க வீட்டு மூலையே போதும். இரண்டு சுவர் சேரும் இடத்தில் சாய்த்து, இருபுறமும் தலையணையோ மணல் மூட்டையோ அணை கொடுத்து, தொடைகளுக்கு நடுவே துண்டைச் சுருட்டி வையுங்கள். கழுத்து பலப்பட, நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய போர்வை வைத்துக் குப்புறப் போட்டு, முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், பக்கத்தில் ஆள் இல்லாமலும் வேண்டாம். பயிற்சிக்கென்று தனியாக மணி ஒதுக்க வேண்டியதில்லை. குளிப்பாட்டும்போது "கை எங்கே? கால் எங்கே?" என்று கேட்டுத் தொட்டுக் காட்டுவதும், சட்டை போடும்போது கையை அதுவே நீட்டக் காத்திருப்பதும் பயிற்சிதான். வாய் பேச வராவிட்டால் டம்ளரையும் பொம்மையையும் இரண்டு பக்கம் காட்டி "எது வேணும்?" என்று கேளுங்கள். கண்ணால் பதில் சொல்லும். அந்தக் கண் போன பக்கத்தை உடனே கொடுங்கள்.

எண்ணெய் தேய்ப்பது நல்லது. ஆனால் விறைத்த காலை "நீவி நேராக்குகிறேன்" என்று பலமாக இழுக்கக் கூடாது. நடக்காத பிள்ளையின் எலும்பு மெலிந்திருக்கும், ஒடிந்துவிடும். இடுப்பு மூட்டு மெல்ல மெல்லப் பிசகுவது வெளியே தெரியாது. ஆகவே டாக்டர் சொல்லும் காலத்தில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கண்ணையும் காதையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். தடுப்பூசி எதையும் விட வேண்டாம்; "ஏற்கெனவே முடியாத புள்ள, ஊசி தாங்காது" என்பது தவறு. காய்ச்சல், கக்குவான், அம்மை வந்தால் அதிகம் பாதிக்கப்படுவது இந்தப் பிள்ளைதான். வலிப்பு இருப்பதை மட்டும் ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மண்ணில் புதைப்பவர்களும் பணம் பிடுங்குபவர்களும்

நடக்காத குழந்தையைக் குழி தோண்டி இடுப்புவரை மணலில் நிறுத்துவது பல இடங்களில் இருக்கிறது. 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கர்நாடகத்தில் கலபுரகி பக்கம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து வைத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. குழந்தைகள் கதறின. பெற்றவர்கள் கெட்டவர்கள் அல்ல. பிள்ளை எழுந்து நிற்காதா என்ற ஏக்கம்தான். கோவிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் மனசுக்கு. சூடு போடுவது, மண்ணில் புதைப்பது, மருந்தை நிறுத்தி விரதம் என்பது மட்டும் வேண்டாம். அதே போல நகரத்தில் "ஸ்டெம் செல் போட்டால் எழுந்து நடப்பான்" என்று லட்சக் கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதத்துக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இல்லை. நிலத்தை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பணம் பிள்ளைக்குப் பத்து வருஷச் சாப்பாடும் பஸ் செலவும்.

எங்கே போவது, என்ன கிடைக்கும்

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் ஒரு மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கும் ஒரு தடவை பள்ளிக்கும் வந்து பிறப்பிலிருந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதிக்கிறது. அவர்கள் அனுப்பும் இடம் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம். குழந்தை டாக்டர், இயன்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்கத்தான் அந்த மையம். கட்டணம் கிடையாது. பல கிராமங்களில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற தொண்டு நிறுவனங்களும் கிராமங்களில் இந்த வேலையைச் செய்கின்றன.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மூளை முடக்குவாதம் அதில் ஒன்று. 40 சதவிகிதத்துக்குக் குறையாத பாதிப்பு இருந்தால் அடையாள அட்டை வாங்குங்கள். அட்டை வாங்கினால் பிள்ளைக்குப் பெயர் விழுந்துவிடும் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். அட்டை இல்லாமல் எதுவும் நடக்காது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய் ஆக்கியது. நிராமயா என்ற காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். பயிற்சிச் செலவும் அதில் அடங்கும். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி உரிமை. பள்ளிக்கு வரவே முடியாவிட்டால் ஆசிரியர் வீட்டுக்கு வருவதற்கும் ஏற்பாடு உண்டு.

அடுத்த குழந்தை

"அடுத்தது நல்லா பொறந்துட்டா இந்தக் கவலை மறந்துடும்" என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அவசரம் வேண்டாம். குறைந்தது மூன்று வருஷம் இடைவெளி விடுங்கள். தாயின் உடம்பில் ரத்தம் ஊற வேண்டும். முதல் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய முக்கியமான காலமும் அந்த மூன்று வருஷம்தான். காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டும் பிறகு வாரம் ஒன்றுமாகச் சாப்பிடும் சாயா மாத்திரை, நிரோத் எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். எது பொருந்தும் என்பதைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றுக்கும் இப்படி வருமா என்ற பயம் நியாயமானது. பிரசவத்தில் மூச்சுத் திணறியதால் வந்தது என்றால் அடுத்ததற்கும் வர வேண்டும் என்பதில்லை. ஆனால் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று ரத்த உறவில் கட்டியவர்களுக்கும், காரணமே தெரியாதவர்களுக்கும் பரம்பரைக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. கர்ப்பம் தரிக்குமுன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்குங்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். முதல் குழந்தைக்கு நடந்ததைப் பதிவு செய்யும் அன்றே சொல்லிவிடுங்கள்.

தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், "நானும் இதுவும் செத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்ற பேச்சு அவள் வாயில் வந்தால் அதை அழுகை என்று ஒதுக்காதீர்கள். அது வியாதி, அதற்கும் மருந்து உண்டு. தனியாக விடாமல், அன்றைக்கே செவிலியரிடம் சொல்லுங்கள். 104-க்குப் பேசினாலும் யோசனை சொல்வார்கள்.

மையத்துக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியவை: பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, இப்போது கொடுக்கும் மருந்துப் பாட்டில், வலிப்புப் படம் உள்ள செல்போன், குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாடு ஒரு கிண்ணம், அதன் சொந்த ஸ்பூன். எப்படி ஊட்டுகிறீர்கள் என்று அங்கே காட்டச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டம் இருக்கும், நிதானமாகப் பேச நேரம் கிடைக்காது. வேறு நாளில், காலையிலேயே, இருவருமாக வாருங்கள்.